விண்டோஸ் ஓபன் ஆகலையா? ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி உங்க வரி ஃபைல்களை வெளியே எடுங்க

ஜூலை மாசக் கடைசி வாரம். ஐ.டி. ரிட்டர்ன் ஃபைல் பண்ணலாம்னு லேப்டாப்பை ஆன் பண்றீங்க. விண்டோஸ் லோகோ சுத்திக்கிட்டே நிக்குது, இல்லன்னா நீலத் திரை வருது. சர்வீஸ் கடைக்குப் போனா, "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்"னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. அங்க உடனே தலையாட்டிடாதீங்க.

ஃபார்ம் 16-ஐ ஹெச்.ஆர். கிட்ட மறுபடி வாங்கலாம். ஏ.ஐ.எஸ்., 26ஏ.எஸ். ரெண்டும் வருமான வரி போர்ட்டல்லயே இருக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கிடைச்சுடும். ஆனா ஹவுஸ் ஓனர் கையெழுத்துப் போட்ட வாடகை ரசீது ஸ்கேன், எப்பவோ வாங்கின ஷேரோட கான்ட்ராக்ட் நோட், வீட்டை எடுத்துக் கட்டினப்போ வந்த பில்கள், நீங்களே போட்டு வெச்ச எக்ஸெல் கணக்கு, இதெல்லாம் பெரும்பாலும் உங்க லேப்டாப்ல மட்டும்தான் இருக்கும். இதைத் தேடுறதுல கெடு தேதி தாண்டிட்டா 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம் (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000). என்னைக் கேட்டா அதைவிடப் பெரிய அடி வேற: இந்த வருஷம் ஷேர்ல வந்த நஷ்டத்தை அடுத்த 8 வருஷ லாபத்துல கழிச்சுக்கிற உரிமை போயிடும். கெடுவுக்குள்ள ஃபைல் பண்ணாத்தான் அது உண்டு.

விண்டோஸ் ஓடலைங்கிறதுக்காக ஃபைல் அழிஞ்சுடுச்சுன்னு அர்த்தமில்லை. வாசல் பூட்டு ஜாம் ஆயிடுச்சு, பீரோ உள்ளேயே பத்திரமா இருக்கு, அவ்வளவுதான். பின்வாசல் வழியா போறதுக்குப் பேர்தான் லைவ் யூ.எஸ்.பி. ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டம் பென்டிரைவ்லேர்ந்தே ஓடும், உங்க டிஸ்க்ல எதையும் இன்ஸ்டால் பண்ணாது. செலவு ஒரு பென்டிரைவ்தான், சாஃப்ட்வேர் இலவசம்.

நண்பரோட லேப்டாப்ல லினக்ஸ் மின்ட்டை அதோட அதிகாரப்பூர்வ தளத்துலேர்ந்து டவுன்லோட் பண்ணுங்க. உபுண்டுவும் நல்லதுதான். ஆனா மின்ட் நேரா டெஸ்க்டாப்புக்கே கூட்டிட்டுப் போகும், அதனால புதுசா பண்றவங்களுக்கு அதைத்தான் சொல்வேன். 8 ஜிபி பென்டிரைவ் போதும். ரூஃபஸ்ங்கிற சின்ன சாஃப்ட்வேர் அதை பூட் ஆகிற டிரைவா மாத்திக் கொடுக்கும். அந்த பென்டிரைவ்ல ஏற்கெனவே இருக்கிறது எல்லாம் அழிஞ்சுடும், பார்த்துக்கோங்க. காப்பி பண்ணி வைக்க வேற ஒரு பென்டிரைவோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கோ தனியா வேணும்.

இப்போ உங்க லேப்டாப்ல பென்டிரைவைச் சொருகி, ஆன் பண்ணின உடனே பூட் மெனு கீயைத் தட்டுங்க. டெல், லெனோவோல பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.ல எஃப்9. லிஸ்ட்ல யூ.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுத்தா கொஞ்ச நேரத்துல டெஸ்க்டாப் வரும். அங்க 'இன்ஸ்டால்'னு ஒரு ஐகான் இருக்கும், அதைத் தொடவே தொடாதீங்க. அதுல ஒரு ஆப்ஷன் மொத்த டிஸ்க்கையும் துடைச்சுடும். ஃபைல் மேனேஜர்ல உங்க விண்டோஸ் டிரைவைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டர்ல உங்க பேர்ல இருக்கிற டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூணையும் காப்பி பண்ணுங்க. விண்டோஸ் பாதியில நின்னதால, 'படிக்க மட்டும்'னு டிரைவ் திறக்கலாம். நமக்கு அது போதும், மாத்த முயற்சி பண்ண வேண்டாம்.

நிறைய பேர் மாட்டுறது பிட்லாக்கர்ல. புது விண்டோஸ் 11 லேப்டாப் பலதுல டிஸ்க் தானாவே பூட்டப்பட்டிருக்கும், உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. டிரைவைத் திறக்கும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மொபைல்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள்ள போய், டிவைஸ் பக்கத்துல தேடுங்க, பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அந்தக் கீ எங்கேயும் இல்லன்னா இந்த வழி மட்டுமில்லை, எந்தக் கடைக்காரராலயும் திறக்க முடியாது. திறந்து தர்றேன்னு காசு கேட்டா கொடுக்காதீங்க.

ஹார்ட் டிஸ்க்லேர்ந்து டக் டக்னு சத்தம் வருதா? அப்போ கோளாறு விண்டோஸ்ல இல்லை, டிஸ்க்லயே. உடனே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெகவரி பண்றவங்ககிட்ட போங்க. நீங்க ஓட்ட ஓட்ட இருக்கிறதும் போயிடும். ஆபீஸ் லேப்டாப்ல இதைப் பண்ணவே பண்ணாதீங்க, கம்பெனி ஐ.டி. டீம்கிட்ட கொடுங்க. கம்பெனி பாலிசியை மீறினதா ஆகி வேலைக்கே வம்பு வரலாம்.

காப்பி முடிஞ்சதும் அதே மின்ட்ல நாலஞ்சு பி.டி.எஃப்.பைத் திறந்து பாருங்க. ஒன்டிரைவ் பயன்படுத்தினீங்கன்னா சில ஃபைல் பேர் மட்டும் தெரியும், உள்ளே ஒண்ணும் இருக்காது. அதை ஒன்டிரைவ் வெப்சைட்லேர்ந்து எடுத்துக்கலாம். எல்லாம் சரின்னு பார்த்த பிறகு லேப்டாப்பைக் கடையில கொடுங்க, "ஃபார்மேட் பண்ணிடுங்க"ன்னு நீங்களே சொல்லலாம். பான், ஆதார், சம்பள ஸ்லிப் காப்பியெல்லாம் இருக்கிற டிஸ்க்கை அப்படியே கடையில விட்டுட்டு வர்றதைவிட, காப்பி எடுத்த பிறகு அந்த ஃபோல்டர்களை உங்க கண்ணு முன்னாடியே துடைச்சுத் தரச் சொல்றது நல்லது.