வளாகம் போன பிள்ளையும் வீட்டுக் கணக்கும்

போன காலபோக அறுவடை முடிந்த கையோடு, இரணைமடுக் குளத்தின் கீழ் குத்தகைக்கு வயல் செய்யும் தந்தை ஒருவர் எம்மிடம் வந்தார். வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990இல் சிறுவனாக ஊரைவிட்டு வெளிக்கிட்டவர். தகப்பன் வழி வந்த 24 பரப்புத் தோட்டக்காணி இன்னும் அவர் கைக்கு வரவில்லை. மூத்த மகன் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாம் ஆண்டு.

“படிப்பை விட்டிட்டு வேலைக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறான், ஐயா. ஏன் எண்டு கேட்டால் சொல்லுறான் இல்லை.”

மகனோடு நாம் பேசினோம். காரணம் பணம்தான். காலைச் சாப்பாட்டை நிறுத்தி இரண்டு மாதமாம். சிநேகிதர்களிடம் வாங்கிய கடன் 18,000 ரூபாய். அப்பாவுக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று மறைத்திருக்கிறான். அப்பாவோ, அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்துத்தான் அவனை அனுப்பினார் என்பதை அவனுக்கு மறைத்திருக்கிறார்.

அவனுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் இல்லை, உதவுதொகையும் இல்லை. ஏன் என்று பார்த்தபோது, விண்ணப்பப் படிவத்தில் தந்தை 24 பரப்புக் காணியை எழுதி, அதற்கு வருமானமும் எழுதியிருந்தார். ‘காணி இருந்தும் ஒன்றும் இல்லாதவன் என்று எப்படி எழுதுவது?’ என்ற மானம். (அவர் எழுதிய தொகை, அந்தக் காலத்து வெங்காய விளைச்சலை நினைத்து எழுதியது போலிருந்தது.)

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். காணி உங்கள் பெயரில் இருந்தால் மறைக்காதீர்கள். ஆனால் அது உங்கள் கையில் இல்லை, அதிலிருந்து வருமானம் இல்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கிராம அலுவலரிடம் இதைச் சொல்லி, கடிதமாகப் பெற்று இணையுங்கள். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு வருமான விபரம் கேட்டு வரும் படிவத்தை, கடைசி நாளில் அவசரத்தில் நிரப்பவேண்டாம்.

கிடைத்தாலும் அது முழுச் செலவுக்கும் போதாது. மகாபொல பல ஆண்டுகளாக மாதம் 5,000 ரூபாயாகவே நின்றது. 2022இல் அரிசி, மா விலையெல்லாம் தாறுமாறாக ஏறியபோதும் அது ஏறவில்லை. 2025 ஏப்ரலில்தான் 7,500 ஆயிற்று. உதவுதொகை 4,000இலிருந்து 6,500 ஆயிற்று. 7,500ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 250 ரூபாய். அதுவும் ஆண்டுக்குப் பத்துத் தவணைதான். முதல் தவணை கைக்கு வர மாதங்கள் செல்லும். பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இந்த முதல் மாதங்களில்தான்.

இதில் கமக்காரனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எமக்குக் காசு போகத்துக்குப் போகம் வருகிறது. பிள்ளைக்கு நாளாந்தம் செலவு வருகிறது. அறுவடை முடிந்ததும் பிள்ளை கையில் மொத்தமாகக் கொடுப்பதும், பிறகு நாலு மாதம் ஒன்றும் அனுப்ப வழியில்லாமல் நிற்பதும் பல வீடுகளில் நாம் கண்டது. விதைநெல்லை எவரும் பசித்தாலும் குற்றுவதில்லை, வேறு சாக்கில் கட்டி வைப்பார்கள். படிப்புக் காசுக்கும் அப்படி ஒரு சாக்கு வேண்டும்.

அந்தத் தந்தையோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். உரக்கடன், குத்தகை போக மிஞ்சியதில், மகனின் 18,000 கடனை முதலில் அடைத்தார். சிநேகிதர்களும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தானே. அடுத்து 60,000 ரூபாயைத் தாயின் வங்கிப் புத்தகத்தில் போட்டு, மாதம் 10,000 என்று ஆறு மாதத்துக்கு ஒதுக்கினார்கள். சிறுபோகம் வரும்வரை அதில் வேறெதற்கும் கை வைப்பதில்லை என்று பேச்சு.

மகன் ஒரு கொப்பியில் செலவை எழுதுகிறான். அது தகப்பன் கணக்குக் கேட்பதற்கு அல்ல என்று முதலிலேயே இருவரிடமும் சொல்லிவிட்டோம். இரண்டாம் கிழமையிலேயே அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான்: தொலைபேசிக்கும் தேநீருக்கும் போன காசு, விட்ட காலைச் சாப்பாட்டைவிட அதிகம்.

மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. போகத்தான் வெட்கம். எமது வற்புறுத்தலின்பேரில் போனான். உதவுதொகைக்கு மேன்முறையீடு எழுத அவரே உதவினார். இம்முறை கிராம அலுவலரின் கடிதமும் கூடப் போயிருக்கிறது.

பதில் இன்னும் வரவில்லை. சங்கிலியும் இன்னும் அடைவில்தான். ஆனால் அது அடைவில் இருப்பது இப்போது மகனுக்கும் தெரியும்.