கிளவுஸ் விற்பவர்கள் கவனத்துக்கு



ஆஸ்பத்திரிச் சாமான்கள் மொத்த வியாபாரத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு சித்திரையில் சர்ஜிகல் கிளவுஸ் பெட்டிகளைத் தகரக் கொட்டகையில் அடுக்கிவிட்டேன். ஆடி மாதம் ஒரு நர்ஸம்மா கடைக்கே வந்து, பிரித்த பாக்கெட்டை மேஜை மேல் வைத்தார்.

"அய்யா, மாட்டும்போதே கட்டைவிரல் கிழியுது. ஆபரேஷனுக்கு வந்தவருக்கு மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கு. எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குங்கய்யா" என்றார்.

தப்பு கம்பெனியுடையது அல்ல, என்னுடையது. சரக்கைத் திரும்ப வாங்கி அழித்தேன்.

ஆபரேஷனுக்கு ரப்பர் கிளவுஸ் பிரபலமானதே ஒரு நர்ஸின் கையைக் காக்கப் போய்த்தான். 1889-90 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநாசினி பட்டு கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கை புண்ணானது. டாக்டர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்து வாங்கினார். நம் ஊரார் கொண்டுவிற்கப் போய் ரப்பர் தோட்டங்களும் வைத்திருந்த மலாயா, பிற்காலத்தில் கிளவுஸ் உற்பத்தியில் உலகிலேயே முன்னணிக்கு வந்தது.

நம் நாட்டில் முன்பு கிளவுஸைக் கழுவி, பவுடர் போட்டு, வேகவைத்து மறுபடி உபயோகித்தார்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள். இரத்தத்தின் மூலம் பரவும் நோய்களுக்கு எதிரில் தியேட்டர் ஊழியருக்குள்ள கவசம் இந்த மெல்லிய ரப்பர்தான். கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்தாலும் ஆபத்து என்பதால்தான் பல டாக்டர்கள் இரண்டு ஜோடி மாட்டுகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. பரிசோதனைக் கிளவுஸ் வேறு, சர்ஜிகல் கிளவுஸ் வேறு. சர்ஜிகல் என்றால் வலது, இடது தனித்தனி. 6½, 7, 7½ என்று அளவு. கிருமி நீக்கிய பாக்கெட். ஒன்று கேட்டால் மற்றதைத் தள்ளிவிடக் கூடாது.

2. வெயிலும் சூடும் ரப்பருக்கு எமன். கிட்டங்கியில் குளிர்ச்சியான, இருட்டான மூலையில் வையுங்கள். பழைய சரக்கை முதலில் அனுப்புங்கள்.

3. பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள். 2020-ல் நவி மும்பையில், கழுவிய பழைய கிளவுஸைப் போலீசார் பிடித்தார்கள்.

4. மொத்த மருந்து உரிமம் இல்லாமல் மருத்துவச் சாதனம் மட்டும் விற்போருக்கு, 2022-ல் வந்த விதிப்படி எம்.டி.42 பதிவுச் சான்று அவசியம்.

ஒரு ஜோடியில் நமக்கு நிற்பது சில காசுதான். ஆனால் அதற்குள் கை விடுகிறவர் நம்மை நம்பித்தான் விடுகிறார்.