மூளை ஒருபுறம், கரம் ஒருபுறமா?

‘சிப்’ என்கிறார்களே, அந்தச் சில்லு விரல் நகத்தளவே இருக்கும். ஆனால் கைப்பேசி முதல் ராக்கெட் வரை ஆட்டிவைப்பது அதுதான். செய்யத் தெரிந்த நாடு விலை சொல்கிறது. தெரியாத நாடு கையேந்தி நிற்கிறது.

நம்மவரால் ஆகுமா என்று ஏளனம் பேசியோர் உண்டு. அவர்களுக்குச் சென்னை விடையளித்துவிட்டது. 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் ‘ஐரிஸ்’ சில்லை வெளியிட்டன. விண்கலத்துக்கு வேண்டியது இன்னதென்று திருவனந்தபுரத்து இஸ்ரோ பொறியாளர்கள் எடுத்துரைத்தனர்; ‘சக்தி’ திட்டத்து ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து வடிவமைத்தனர்; சண்டிகர் கூடம் உருவாக்கித் தந்தது. கூட்டு வடிவமைப்பு என்பது இதுதான். பயன்படுத்துவோரும் வரைவோரும் செய்வோரும் தனித்தனித் தீவுகள் அல்ல!

நெல்லைச் சீமைக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கங்கைகொண்டானைப் பாருங்கள். அங்கே டாடா நிறுவனத்தின் சூரிய மின்கல ஆலை 2025 பிப்ரவரியில் திறப்புவிழா கண்டது. ஆண்டுக்கு 4.3 கிகாவாட் திறன்! சில்லும் சூரிய மின்கலமும் சிலிக்கான் என்னும் ஒரே குறைக்கடத்தியின் பிள்ளைகள்.

மின்கலத்தின் முகத்தில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் இருக்கும். கோடு தடித்தால் வெயிலை மறைக்கும். மெலிந்தால் மின்னோட்டத்தைத் தடுக்கும். சரியான அகலத்தை ஆய்வாளர் கணக்கிட்டுச் சொல்வார். ஆனால் அச்சிடும்போது கோடு எங்கே அறுகிறது என்பதை இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளிதான் கண்ணால் காண்கிறார். இருவரும் கலந்து பேசினால் வெள்ளியும் மிஞ்சும், மின்சாரமும் கூடும். பேசாவிட்டால் நட்டம் யாருக்கு?

பழைய கதை நமக்கு மறக்கவில்லை. 1885இல் பாபநாசத்தில் ஹார்வி ஆலை எழுந்தது. தண்ணீர் தாமிரபரணியுடையது, உழைத்த கரம் நம்முடையது. இயந்திரமோ கடல் கடந்து வந்தது. நாம் நூல் நூற்றோம். நுட்பம் அவர்களிடமே இருந்தது. அதே கதை கங்கைகொண்டானிலும் தொடர வேண்டுமா?

டெல்லியின் நீதியையும் பாருங்கள். 2021இல் 76,000 கோடி ரூபாயில் குறைக்கடத்தித் திட்டம் அறிவித்தார்கள். 2025 ஆகஸ்ட் வரை ஒப்புதல் பெற்றவை 10. குஜராத்துக்கு 4. தமிழ்நாட்டுக்கு? சுழி! திறமையில்லையென்றா? ‘சக்தி’யைப் படைத்த மண்ணல்லவா இது!

தமிழ்நாடு அரசு தன் 2025 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் இயக்கத்தை அறிவித்தது. வரவேற்கிறோம். அதோடு ஒன்று கேட்கிறோம்: அதன் ஒரு கிளை பொருநைக் கரையிலும் தழைக்கட்டும். நெல்லை அரசு பொறியியல் கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் கங்கைகொண்டான் ஆலையும் ஒரே மேசையில் அமரட்டும். அந்த மேசையில் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும். பார்வையாளராக அல்ல, பங்காளியாக!

தோழர்களே, ஆலை வந்தது வெற்றியில் பாதிதான். அறிவும் இங்கே வேரூன்றினால்தான் வெற்றி முழுமை பெறும். மீதிப் பாதியைக் கேட்போம், கேட்டுப் பெறுவோம்!