பனைமரத்தில் சாய்ந்து நின்றவள்: மல்யுத்தக் களமும் ஆண்-ஆண் காதல் நாவலும்

தொழில்முறை மல்யுத்தக்காரர்கள் இருவர் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள்; அதுதான் நாவல். இப்படிச் சொன்னால் நம் இலக்கிய நண்பர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன், சிரித்தார்கள். 'காதல் நாவலே குப்பை. அந்த குஸ்தியும் பொய். பொய்யையும் குப்பையையும் கலந்தா என்னய்யா வரும்?' என்றார் ஒருவர். நல்ல கேள்விதான். அவருக்கான பதிலாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வகையைப் பற்றி. ஆங்கிலத்தில் ஆண்-ஆண் காதல் நாவல் என்பது கடந்த இருபது ஆண்டுகளில், மின்நூல் வந்த பிறகு, பெரிய சந்தையாகிவிட்ட ஒன்று. அதில் விளையாட்டுக் களத்தைப் பின்புலமாகக் கொண்டவை தனிக் கிளை. ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இருவரின் காதலைச் சொல்லும் ரேச்சல் ரீடின் 'ஹீட்டட் ரைவல்ரி' 2019இல் வந்தது; 2025இல் தொலைக்காட்சித் தொடரானது. மல்யுத்த நாவல்கள் இந்தக் கிளையில் ஒரு சிறு கொம்பு. கதைச் சட்டகம் ஏறக்குறைய ஒன்றேதான். மேடையில் ஒருவன் நல்லவன், மற்றவன் வில்லன். இரவு ஒரே காரில் ஊர் ஊராகப் பயணம், ஒரே விடுதி அறை. கம்பெனி முதலாளிக்குத் தெரிந்தால் பிழைப்பு போகும். ஒருநாள் மேடையில் யாரோ எழுதிக்கொடுத்ததை மீறி ஏதோ நடந்துவிடுகிறது. கடைசியில் இருவரும் சேர்கிறார்கள். சேர்ந்தே ஆகவேண்டும், அது இந்த வகையின் சட்டம்.

எழுதுபவர்களிலும் வாசிப்பவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். 1970களில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக்கிக் கதை எழுதிச் சுற்றுக்கு விட்டவர்களும் பெண்களே. 1974இல் ஓட்டப்பந்தய வீரனுக்கும் அவன் பயிற்சியாளருக்குமான காதலை 'த ஃப்ரண்ட் ரன்னர்' என்று எழுதிய பட்ரீஷியா நெல் வாரனும் பெண். ஆணுடலை ஆண் விரும்புவதை ஏன் ஒரு பெண் எழுதவேண்டும்? இந்தக் கேள்வியை அமெரிக்காவிடம் கேட்பதற்கு முன் உறையூரிடம் கேட்கலாம்.

புறநானூற்றில் 80 முதல் 85 வரை ஆறு பாட்டுகள். முதல் மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போர் பற்றியவை. ஒரு முழங்கால் எதிரியின் மார்பில், மறு கால் அவன் சூழ்ச்சியை முறித்தபடி என்று பிடியை நுட்பமாகச் சொல்கிறது 80ஆம் பாட்டு. இன்றைய வர்ணனையாளன் தோற்றான்! மகனோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன் இதைக் காணட்டும், மகிழட்டும் மகிழாமல் போகட்டும் என்கிறார் புலவர். ஓர் ஆண், ஆணின் வெற்றியை, இன்னோர் ஆணுக்குச் சொல்கிறான். 82இல் போரின் வேகத்துக்கு உவமையாவது, ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுவலி, வானில் மழை, பொழுது சாயும் நேரம் எனும் நெருக்கடியில் கட்டில் பின்னுகிற ஒருவனின் ஊசி. அவனை 'இழிசினன்' என்கிறது பிரதி. அரசனின் உடலுக்கு உவமையாகும்போது மட்டும் அந்தக் கைகளுக்கு அவைக்குள் அனுமதி.

அடுத்த மூன்று பாட்டுகளில் குரல் மாறுகிறது. பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். இப்போது பேசுவது வெற்றி அல்ல, வேட்கை. அந்தக் காளையை நினைத்து வளை கழல்கிறது, தாயிடம் அச்சம். அவன் தோளைத் தழுவவோ அவையை நினைத்து நாணம். என்னைப் போலவே இந்த ஊரும் ஒரு பக்கம் நில்லாமல் நடுங்கட்டும் என்கிறாள். 85இல் ஊரார் அவன் வென்றான் என்கிறார்கள், இல்லை என்கிறார்கள். இவள் ஓடிப்போய்ப் பனைமரத்தில் சாய்ந்து நின்று தானே பார்க்கிறாள், வென்றது அவனே என்கிறாள். மற்களத்தைப் பார்க்கும் கண்ணுக்கு இச்சை உண்டு என்று தமிழில் முதலில் பதிவு செய்தவள் இவள்தான் என்பேன். தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? கைக்கிளை என்று திணை எழுதிப் புறத்தில் வைத்தார்கள். ஒருதலைக் காமம் ஐந்திணைக்குள் வராது, ஓரத்தில் நிற்கவேண்டியது. அகத்தின் வாசலில் நிறுத்தப்பட்ட அகப்பாட்டுகள் இவை.

'தாய்க்கு அச்சம், அவைக்கு நாணம்.' தன்பாலீர்ப்புடைய எந்த இளைஞனையும் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்குள் ஒரு சுவர் வெளியே ஒரு சுவர் என்று இதே கணக்கைத்தான் சொல்வான். பெண் எழுத்தாளர்கள் இந்தக் கதைக்கு வருவதற்குச் 'சந்தை' என்ற பதில் போதாது. விரும்பலாம், ஆனால் விரும்புவதாகச் சொல்லக்கூடாது என்ற இடத்தில் நெடுங்காலம் நின்றவர்களுக்கு அதே இடத்தில் நிற்கும் இன்னொருவனைத் தெரிந்திருக்கிறது. ஜானிஸ் ராட்வே 1984இல் அமெரிக்கக் காதல் நாவல் வாசகிகளை ஆராய்ந்தபோது, வாசிக்கும் அந்த நேரமே குடும்பத்திடமிருந்து அவர்கள் பிடுங்கிக்கொண்ட சொந்த நேரம் என்றார். தி. நகர், மயிலாப்பூர் வாடகை நூலகங்களில் மில்ஸ் அண்ட் பூனையும் ரமணிசந்திரனையும் எடுத்துப் போய் மதியச் சமையல் முடித்துப் படித்த நம் அத்தைகளுக்கு இதைச் சொல்ல ராட்வே தேவையில்லை.

இனி குஸ்தி. 'பொய்ச் சண்டைதானே' என்பவர்களுக்கு ரொலான் பார்த் 1950களிலேயே பதில் சொல்லிவிட்டார்: மல்யுத்தம் விளையாட்டல்ல, காட்சி, வலி, தோல்வி, நீதி ஆகியவற்றின் குறிகளைப் பார்க்க வருகிறவனுக்கு முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதா என்பது பொருட்டே இல்லை. நம் கூத்தில் துரியோதனன் சாவான் என்பது படுகளத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா என்ன? பார்த் மேலே போகாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. இந்தச் சண்டையின் தொழில்நுட்பமே ஒத்துழைப்பு. தூக்கி அடிக்கப்படுபவன் தானே எம்பித் தராவிட்டால் அடிப்பவனால் தூக்க முடியாது. விழும்போது தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ளவேண்டும். அவன் கழுத்தைக் காப்பது 'எதிரி'யின் கை. ஆக அங்கே பொய்யானது பகைமை மட்டுமே. உடல்களுக்கிடையே உள்ள நம்பிக்கை மெய். நல்ல மல்யுத்தக் காதல் நாவல் பிடித்துக்கொள்வது இந்த முடிச்சைத்தான். ஒத்திகையில் 'விடு, நான் பிடிச்சுக்கறேன்' என்கிற இடத்தில் காதல் தொடங்கிவிடும்.

பகைமையைப் பொய்யென்று காட்டிக்கொள்ளக்கூடாது என்பது இத்தொழிலின் ஆதி விதி, 'கேஃபேப்' என்பார்கள். நல்லவனும் வில்லனும் வெளியே சேர்ந்து சாப்பிடக்கூடாது, சேர்ந்து பயணிக்கக்கூடாது. 1987இல் நியூ ஜெர்சியில் மேடை எதிரிகளான ஜிம் டகனும் அயர்ன் ஷேக்கும் ஒரே காரில் போகும்போது போதைப்பொருளுடன் பிடிபட்டார்கள். தொழில் வட்டாரத்தில் போதைப்பொருளுக்கு இணையான அவமானம், இருவரும் ஒரே காரில் இருந்தது. 1996 மே மாதம் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இன்னும் வேடிக்கை. கம்பெனியை விட்டுப் போகும் இருவருக்கு விடைகொடுக்க, மேடை எதிரிகளான நான்கு நண்பர்கள் ஆட்டம் முடிந்ததும் களத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதற்கான தண்டனை ட்ரிபிள் ஹெச் தலையில் விழுந்தது. நாற்காலியால் அடித்தால் கைதட்டல், அணைத்தால் குற்றம்!

ஒளித்து வாழ்கிற ஒருபால் காதலனின் அன்றாடமும் இதே கேஃபேப்தான். வெளியே ஒரு வேடம், ஒப்பனை அறையில் ஒரு பேர், யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்ற ஓயாத கணக்கு. பாட் பாட்டர்சன் 1979இல் உலகக் கம்பெனியின் முதல் இண்டர்காண்டினெண்டல் சாம்பியன். 'ராயல் ரம்பிள்' ஆட்டத்தை உருவாக்கியவர். துணைவரோடு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார், தொழிலில் பலருக்கும் தெரியும். பார்வையாளர்களுக்கு அவர் சொன்னது 2014இல், துணைவர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின். கிறிஸ் கேன்யன் 2010இல் தற்கொலை செய்துகொண்டார். களத்தில் இருக்கும்போதே டேரன் யங் வெளிப்படச் சொன்னது 2013இல். இவற்றுக்கு நடுவே 2002இல் அதே கம்பெனி, பில்லி-சக் என்ற இரட்டையருக்குத் தொலைக்காட்சியில் 'திருமணம்' ஏற்பாடு செய்து, மாலை மாற்றும் நேரத்தில் 'நாங்க அப்படி இல்லை, விளம்பரத்துக்குத்தான்' என்று சொல்லவைத்தது. ஆதரித்த உரிமை அமைப்பு ஏமாற்றப்பட்டது. காட்சியாக விற்கலாம், வாழ்வாக ஆகக்கூடாது. மாறாக ஜப்பானில் கென்னி ஒமேகாவும் கோட்டா இபுஷியும் 2009இல் 'கோல்டன் லவர்ஸ்' என்று இணைந்து, பிரிந்து, 2018 ஜனவரியில் சப்போரோ களத்தில் மறுபடி தழுவியபோது அரங்கத்தில் அழுதவர்கள் உண்டு. நாவல்காரிகளுக்கு அது பாதி எழுதிக்கொடுக்கப்பட்ட கதை.

இந்தியாவுக்கு வந்தால் மல்லனின் உடல்மீது வேறொரு காவல். பனாரஸ் அக்காடாக்களில் களப்பணி செய்து ஜோசப் ஆல்ட்டர் 1992இல் எழுதிய 'த ரெஸ்லர்ஸ் பாடி' காட்டுவது: அனுமன் வழிபாடு, பால், பாதாம், பிரம்மச்சரியம், விந்தைக் காப்பதே பலம். ஆண்கள் ஒருவர் உடம்பை ஒருவர் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் இடம், அதே மூச்சில் காமமே அற்ற இடம் என்று அறிவிக்கப்படுகிறது. தொடுதலுக்கு உரிமம் வேண்டுமென்றால் இச்சையை மறுக்கவேண்டும். வியாச பாரதத்தில் கீசகன் கதை இதன் மறுபக்கம். இருட்டில் திரௌபதி என்று நினைத்து அவன் தொடுவது பீமனை. அணைப்பாகத் தொடங்குவது மற்போராக முடிகிறது.

நம் தலைமுறைக்கு அக்காடா இல்லை, சீட்டுக்கட்டு இருந்தது. தி. நகர் பெட்டிக்கடைகளில் வாங்கிய டபிள்யூ டபிள்யூ எஃப் ட்ரம்ப் கார்டுகள். உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ். 'செஸ்ட் எவ்ளோ?' என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் அங்குலம் சொல்ல, ஜெயித்தவன் சீட்டைப் பறித்துக்கொள்வான். பத்து வயசுப் பையன்கள் அரைநிர்வாண ஆண்களின் மார்பளவை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம், எந்த வீட்டிலும் ஆட்சேபம் இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்காவது அது வெறும் எண்ணாக இருந்திருக்காது. அவன் அதைச் சொல்ல ஒரு வாக்கியம்கூட நம் மொழி அவனுக்குத் தரவில்லை என்பதுதான் விஷயம்.

'ஓரினச் சேர்க்கை' என்ற சொல்லில் சேர்க்கை மட்டும் இருக்கிறது. காவல் நிலையத்தின் கண் அது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021இல் தொடங்கிய சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022இல் மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' போன்ற சொற்கள் நாளிதழ்களுக்கும் பழகிவிட்டன. நல்லது. ஆனால் ஈர்ப்பு இயற்பியல் சொல்லாகவும் இருக்கிறதே. காதல் என்ற சொல்லை அரசிதழ் தராது, கதைதான் தரும். நம் கதைகளோ பெரும்பாலும் வாக்குமூலங்கள், அல்லது சாவுகள். ஈ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1914இலேயே எழுதி முடித்தார். காதலர்கள் சேர்வதாக முடித்ததாலேயே அச்சேற்ற முடியாமல், அவர் இறந்தபின் 1971இல் வந்தது. தூக்கில் தொங்கவிட்டிருந்தால் பதிப்பிப்பது சுலபமாக இருந்திருக்கும் என்பது அவருக்கே தெரியும். இன்ப முடிவைச் சந்தைத்தனம் என்று ஏளனம் செய்யும் நம் தீவிர இலக்கியம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சேர்ந்து வாழ்தல் சட்டப்படி கிடைக்காதவர்களுக்கு அது மலிவான முடிவல்ல. 2018 செப்டம்பரில் 377 போனது. 2023 அக்டோபரில் திருமண உரிமை மறுக்கப்பட்டது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், திருமணம் இல்லாமலும் குடும்பம் அமையலாம் என்றது. இந்த மூன்று தேதிகளுக்கு நடுவேதான் இங்கே எவனும் தன் கதைக்கு முடிவு தேடவேண்டியிருக்கிறது.

இந்த நாவல்கள்மீது எனக்குப் புகார் இல்லாமல் இல்லை. நாயகர்கள் இருவரும் எப்போதும் கட்டுமஸ்தான 'ஆண்மை'யர்கள். மெக்சிகோ லூச்சா லிப்ரேயில் 'எக்ஸோடிகோ' என்று பெண்மை கலந்த வேடத்தோடு களமிறங்கும் மரபு உண்டு. அதில் கஸாண்ட்ரோ, கேலிக்குரிய வேடத்தை வெற்றி பெறும் வேடமாக மாற்றிக் காட்டினார். அப்படிப்பட்டவர்கள் இந்தக் காதல் நாவல்களில் பெரும்பாலும் நாயகனின் நண்பனாகவே நின்றுவிடுகிறார்கள். நம்மூர் மொழியில் சொன்னால், பந்திக்குப் பந்தியோடு கல்யாணம் நடக்கிறது, கோத்தி வாசலில் நிற்கிறான். தெருவில் அடி வாங்குபவன், போலீசிடம் பணம் அழுபவன் அவன்தான். அடுத்து முதலாளி. மல்யுத்தக்காரர்களைத் 'தனி ஒப்பந்ததாரர்' என்று கணக்கெழுதும் கம்பெனி, கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்தி இருவருக்கும் ஒரு பட்டம் கொடுக்கிறது. சுபம். உடலின் இச்சை பேசப்படுகிறது, உடலின் கூலி பேசப்படுவதில்லை.

பூங்காவில் சிரித்த நண்பரோடு பிறகு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். ஷ்மிட் நினைவிடத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாலிபர்கள் சுண்டுவிரல் கோத்து நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஊரில் ஆணும் ஆணும் கை கோக்கலாம், தோளில் சாயலாம், மேன்ஷனில் ஒரே பாயில் படுக்கலாம். 'ஃப்ரெண்ட்ஸ்' என்றால் சரி. நண்பர் கொஞ்சநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'பேர் வெச்சாத்தான் பிரச்சினை, இல்ல?' என்றார். பிறகு, அந்த நக்கண்ணை பாட்டு எத்தனையாவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.