பாலகாட் அம்மாவும் குவாதலூப் குழம்பும்

"தீவுக்குப் போகிறோம்" என்று சொன்னதும் நம் சங்கத்து நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "கடற்கரை எப்படி இருக்கும்?" என்பதல்ல. "சாப்பாட்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பதுதான்! தமிழர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அந்தக் கேள்வியை நாங்கள் அப்போது சிரித்துத் தள்ளிவிட்டோம். பிறகு அதுவே எங்கள் பயணத்தின் ஒரே கேள்வியாகிவிட்டது. ஆசிரியர் குழுவினர் பயணக் கட்டுரை கேட்டபோது, கடலையும் எரிமலையையும் விட்டுவிட்டு இந்தச் சாப்பாட்டுக் கதையை எழுத நினைத்ததும் அதனால்தான்.

முதலில் என் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலகாட் என்றால் பலர் மத்தியப் பிரதேசத்துப் பாலகாட்டை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது கர்நாடகத்தில், கோலார் தங்கவயலின் வடக்குக் கோடியில் இருக்கும் பாலகாட். ஒரு சுரங்கத்தின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்டியபோது வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். என் பாட்டனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். நைனா (எங்கள் ஊரில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) 31 வருடம் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நைனா போய்ச் சில வருடங்களாகிவிட்டன. அம்மா மட்டும் இன்றும் அந்த லைன் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

வெளியில் சாப்பிடுவது என்றால் எங்களுக்கு மாதம் ஒரு முறைதான். சம்பளத்துக்கு மறுநாள் நைனா எங்களை ராபர்ட்சன்பேட்டைக்கு அழைத்துப் போவார். ஆளுக்கு ஒரு மசால் தோசை, நைனாவுக்கு ஒரு டீ. அம்மா எதிரில் உட்கார்ந்து நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நீ துண்ணலயா?" என்று கேட்டால், "வூட்ல களி இருக்குது" என்பார். காசு கொடுத்து அம்மா வெளியில் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இந்த ஒன்றை மட்டும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018 கோடையில் அம்மா எங்களோடு இருக்க மாண்ட்ரியால் வந்தார். நவம்பரில் பனி விழ ஆரம்பித்ததும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "இதுக்கு அண்டர்கிரவுண்டே மேலுடா, அங்க சூடாவாவது இருக்கும்" என்றார். தவறில்லை, சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது, அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும் என்று நைனா சொல்வார். சரி, சூடான இடமாகப் போவோம் என்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குவாதலூப் தீவைத் தேர்ந்தெடுத்தோம். கரிபியன் கடலில் இருந்தாலும் அது பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி. மாண்ட்ரியாலிலிருந்து நேர் விமானம், ஐந்து மணி நேரம் போல. என் மகள் பள்ளியில் படித்த பிரெஞ்சும் கைவசம் இருந்தது. அம்மாவுக்கு விசா வாங்கிய கதை தனிக் கட்டுரைக்கு ஆகும், அதை விட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 22, சனிக்கிழமை போய் இறங்கினோம். அன்றிரவு சாப்பிடும் இடத்தை மகள் படங்களைப் பார்த்து முன்பே தேர்ந்தெடுத்திருந்தாள். கோசியே என்ற ஊரில், அலை வந்து காலைத் தொடும் அளவுக்குக் கடலோரமாக ஒரு ஹோட்டல். மேசையில் மெழுகுவர்த்தி, வெள்ளைத் துணி. உப்பு மீனை உதிர்த்துச் செய்யும் 'அக்ரா' என்ற பஜ்ஜி வந்தது. பிள்ளைகள் தட்டைக் காலி செய்தார்கள். மீன் சுமார். அம்மா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரோடு விழுங்கினார். பில் ஐந்து பேருக்கு 140 யூரோ.

"நம்ம காசுல எவ்ளோடா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கலாம். என் மகன், கணக்கில் கெட்டிக்காரன், "பதினொராயிரம் ரூபாய், ஆயா!" என்று பளிச்சென்று சொல்லிவிட்டான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. காரில் ஏறிய பிறகுதான் மெல்லச் சொன்னார்: "பதினோரு மாசத்து பென்ஷன்." கணக்கு சரிதான். 2014-ல் குறைந்தபட்ச ஓய்வூதியம் என்று அரசு நிர்ணயித்த மாதம் ஆயிரம் ரூபாய்தான் அம்மாவுக்கு வருகிறது. 31 வருடம் பூமிக்குள் இறங்கியவரின் மனைவிக்கு!

மறுநாளிலிருந்து அம்மாவுக்குப் பசியே இல்லை. எங்கே அழைத்துப் போனாலும் "நீங்க துண்ணுங்க, எனக்கு வயிறு மந்தமா இருக்குது" என்பதே பதில். மெனு அட்டையைப் பார்க்கும்போதே அவர் கண் வலது பக்கத்து எண்களுக்குப் போய்விடும். எண் மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியும். என் மனைவி அறையில் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதையும் பாதியில் வைத்துவிட்டார். "அத்தை, மாத்திரை போடறீங்க, வெறும் வயித்தோட இருக்கக்கூடாது" என்று அவள் கெஞ்சியும் பயனில்லை. சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விட்டால் என்ன ஆகும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். திங்கட்கிழமை மாலை கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என் தோளில் சாய்ந்துவிட்டார்.

அருகில் ஒரு பெண்மணி மரத் தொட்டியில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தேங்காய்ப்பால் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் நிறைய எடுத்து வந்து அம்மா வாயில் ஊட்டிவிட்டார். இனிப்பு உள்ளே போனதும் பத்து நிமிடத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "இது எவ்ளோ?" என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு எனக்கும் மனைவிக்கும் பெரிய வாக்குவாதம். திரும்பிப் போய்விடலாம் என்றாள் அவள். டிக்கெட்டை மாற்ற ஆகும் செலவைச் சொன்னேன். "நீயும் உங்கம்மா மாதிரிதான்" என்றாள். அதற்குப் பதில் இல்லை.

அடுத்த நாள் கிறிஸ்துமஸ். அந்த ஊரில் டிசம்பர் 24 இரவும் 25-ஆம் தேதியும் கடைகள் எல்லாம் அடைத்துவிடுவார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அதோடு அன்று செவ்வாய்க்கிழமை. அம்மா செவ்வாயும் வெள்ளியும் மாரியம்மனுக்காகக் கவுச்சி தொட மாட்டார். திறந்திருந்த ஒரே இடத்தில் கிறிஸ்துமஸ் விசேஷம் என்று பச்சைத் துவரைக் கொட்டையை வேகவைத்துக் கொடுத்தார்கள். ஆம், நம் துவரைதான். சந்தோஷத்தோடு வாங்கினால் அதற்குள் பன்றி இறைச்சித் துண்டுகள்! அந்த ஊர்க் கிறிஸ்துமஸ் துவரைக்கு அதுதான் வழக்கமாம்.

கையில் இரண்டு நீள ரொட்டியோடு காரைக் கிளப்பினோம். கப்பஸ்தேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாங்கி என்னுமிடத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருப்பதாகப் படித்திருந்தேன். சாலையோரத்திலேயே சிலைகள் நிறைந்த வெள்ளைக் கோயில். அம்மா கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

இங்கே சிறிது சரித்திரம் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1848-ல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். குவாதலூப்பில் முதல் கப்பல் 'ஒரேலி' வந்து சேர்ந்தது 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டித்தான். அடுத்த 35 ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போனார்கள். தமிழ் இரண்டு மூன்று தலைமுறையில் போய்விட்டது. பெயர்களும் சாமிகளும் நின்றுவிட்டன. மாரியம்மன் 'மாலியெமின்' ஆகிவிட்டாள். ராமசாமி, முத்துசாமி எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கடைப் பலகைகளில் இருக்கிறார்கள். கப்பஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், அங்கே பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டுமென்று 1904-ல் தொடங்கிய வழக்கை 1923 வரை நடத்தி வென்றார். தங்கவயலில் பிறந்து, "நீ எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பெங்களூரிலும் சென்னையிலும் பதில் சொல்லியே அலுத்துப்போன எனக்கு அந்த மனிதர்மீது தனி மரியாதை உண்டு.

கோயிலில் விளக்கேற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், அசல் நம்மூர் முகம். அம்மா நேரே போய், "எந்த ஊரும்மா நீங்க?" என்றார். அவர் விழித்தார். அம்மா விடவில்லை: "சாப்பாடு எங்க கெடைக்கும்?" மகள் ஓடிப்போய்ப் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொல்பூ?" என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொழம்புன்றாடா!"

'கொலம்போ' என்பது அந்தத் தீவின் பிரசித்தமான உணவு. கொத்துமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு எல்லாம் சேர்த்து அரைத்த பொடியில் கோழியோ ஆடோ போட்டு வைப்பார்கள். பெயர் இலங்கையின் கொழும்பிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, நம் குழம்பிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. நான் பின்னவர் கட்சி. (நம் சங்கத்து யாழ்ப்பாண நண்பர்கள் மன்னிக்க!)

அந்தப் பெண்மணி அருகிலேயே நான்கு மேசை போட்ட சிறிய மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். அன்று கடை இல்லை. ஆனால் ஏதோ வேண்டுதலுக்காக விரதம் இருந்ததால் தனக்கென்று காய்கறிக் குழம்பு வைத்திருந்தாராம். வீட்டுக்குப் போய் அதில் பாதியைச் சோற்றோடு டப்பாவில் கொண்டு வந்து கொடுத்தார். காசு நீட்டினேன். "இது கடைச் சாப்பாடு இல்லை. நாளைக்குக் கடைக்கு வந்து காசு கொடுங்கள்" என்றார். நல்ல வியாபாரி!

கோயில் மதிலோரம் உட்கார்ந்து அம்மா கையால் பிசைந்து சாப்பிட்டார். கத்தரிக்காய், உருளை, கூடவே சீமைக் கத்தரிக்காய். பெங்களூர்க் கத்தரிக்காய் என்று சென்னைக்காரர்கள் சொல்வார்களே, அதேதான். அங்கே அதற்குக் 'கிறிஸ்டோஃபின்' என்று பெயர். மூன்று நாள் பட்டினி கிடந்தவர் சும்மா சாப்பிட்டாரா? ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை. "கடுகத் தாளிக்கல, அரைச்சிப் போட்டிருக்குறா... புளியே இல்ல, எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்குறா... வெந்தயம் சரியா கீது." டப்பா காலி.

அதன் பிறகு தினமும் பகல் பன்னிரண்டுக்கு அந்தக் கடையில்தான். கோசியேயிலிருந்து முக்கால் மணி நேரம். பெட்ரோல் செலவை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டைச் சாக்கட்டியால் எழுதிவைப்பார்கள். தட்டு 13 யூரோ. அம்மாவும் பேரனும் ஒரு தட்டைப் பங்கிட்டுக்கொள்வார்கள். புதன்கிழமை, அம்மா தன் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நான் செலவுக்குக் கொடுத்திருந்த இருபது யூரோ நோட்டை எடுத்து அந்தப் பெண்மணி கையில் வைத்தார். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கினார். நான் வாசல் பக்கம் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சிறிய கடைகள் பல இரவில் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. விலைப் பட்டியல் வாசலிலேயே இருக்கும், படித்துவிட்டு உள்ளே போங்கள். பில்லில் பரிமாறும் கூலியும் அடக்கம். சைவக்காரர்கள் "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் போதாது; பன்றித் துண்டும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மிளகாய் பார்க்கச் சிறியது, நம் பச்சைமிளகாய் அதன் முன் குழந்தை. விலைவாசி பிரான்ஸிலிருந்து கப்பலில் வருவதால் அதிகம். இதற்காகவே 2009-ல் அந்தத் தீவே 44 நாள் வேலைநிறுத்தம் செய்தது. கடலோர மெழுகுவர்த்தி ஹோட்டலுக்குப் போவதானால் பாட்டிகளிடம் யூரோவை ரூபாயாக்கிச் சொல்லும் பிள்ளைகளை அறையில் விட்டுச் செல்லவும்.

கிளம்பும் முன் அந்தப் பெண்மணி அம்மாவுக்குக் கொலம்போ பொடி இரண்டு பொட்டலம் கொடுத்தார். அம்மா பாலகாட் மாரியம்மன் குங்குமத்தைக் கொடுத்தார். போகும் வழியில் புளியமரம் ஒன்றைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஒரே ஆற்றாமை. அங்கே புளியை ஜூஸ் போட்டுக் குடிக்கிறார்கள் என்று மகள் சொன்னதும், "மரத்துல தொங்குது, கொழம்புல போடத் தெரியலயே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

2019 மார்ச்சில் அம்மா ஊர் திரும்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலகாட்டிலிருந்து போன் வந்தது. அந்தப் பொடியைப் போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாராம், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்றாம்.

"எப்படிம்மா இருந்தது?"

"புளி ஊத்தி, கடுகு தாளிச்சேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, இப்பத்தான் சரியா கீதுன்னு."