முப்பது நிமிடம்: ஒரே மூச்சிலா, மூன்று தவணையிலா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "ஆசைதான், நேரம் எங்கே இருக்கிறது?" கேமரன் மலையில் வாழ்கிறவர்களிடம் கேட்டால் இன்னும் இரண்டு காரணங்கள் கூடவே வரும்: காலையில் பனி, மாலையில் மழை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் எப்போது மேகம் இறங்கும், எப்போது மழை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ஊரில் தினமும் ஒரு மணி நேரம் தொடர்ந்து நடப்பது எப்படி?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. பயிற்சியை ஒரே மூச்சில் செய்தால்தான் பலன், துண்டு துண்டாகச் செய்தால் வீண் என்ற எண்ணம் அது. இதனால் முழுதாகச் செய்ய முடியாதவர்கள், முடிந்த கொஞ்சத்தையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணம் சரிதானா என்று இன்று பார்ப்போம்.

தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு நாள்

1929-ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டுச் சரிவுகளைத் தேயிலைச் சரிவுகளாக்கியதில் தமிழர்களின் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தலைமுறையினர் உடற்பயிற்சி என்ற பெயரில் எதையும் செய்ததில்லை. ஆனால் விடியற்காலையில் பெரட்டுக்கு நடந்தார்கள். சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தார்கள். கூடை நிறைந்ததும் நிறுவைக்குச் சுமந்து வந்து, மறுபடியும் ஏறினார்கள். வேலை முடிந்து லயத்துக்கு வந்த பிறகும் வீட்டு வேலை காத்திருந்தது.

அவர்கள் பட்ட கஷ்டத்தைப் பெருமையாகப் பேசுவது என் நோக்கமல்ல. குறைந்த கூலிக்காக வாங்கப்பட்ட கடும் உழைப்பு அது. ஆனால் அந்த உழைப்பு எப்படி அமைந்திருந்தது என்று கவனியுங்கள். கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் நிற்றல், கொஞ்சம் சுமை, மறுபடி ஏற்றம். நாள் முழுவதும் தவணை முறையில் உடல் வேலை செய்தது.

இன்று நிலைமை வேறு. கொழுந்தெடுக்கக் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் பலர் லோரி ஓட்டுகிறார்கள், கடையில் கணக்குப் பார்க்கிறார்கள், தங்கும் விடுதி முகப்பில் அமர்ந்திருக்கிறார்கள். மேட்டில் ஏற மோட்டார் சைக்கிள் இருக்கிறது. உழைப்பு குறைந்துவிட்டது. தட்டிலுள்ள சோறும் தேத்தண்ணீரிலுள்ள சீனியும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

இதன் விளைவு என்ன? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆக இறங்கியது. ஆனாலும் இனவாரியாக நாம்தான் முன்னால் நின்றோம். இந்த முன்னணி நமக்குத் தேவையில்லாத ஒன்று.

லண்டன் பஸ்ஸின் படிக்கட்டு

துண்டு துண்டான அசைவுக்குப் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஒரு பழைய சாட்சியம் லண்டனில் கிடைத்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அங்குள்ள மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவர். டிக்கெட் கொடுப்பவரோ மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குபவர். இவர்களில் டிக்கெட் கொடுப்பவர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது.

ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தார்கள் என்பதைச் சீருடை அளவுகளைக் கொண்டு மோரிஸே பின்னர் காட்டினார். ஆகவே முழுப் பெருமையையும் படிக்கட்டுக்குக் கொடுக்க முடியாது. என்றாலும், உடல் உழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் தீவிரமாக ஆராயத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தத் தொழிலாளர்கள் யாரும் ஒரு மணி நேரம் தொடர்ந்து படி ஏறவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நேருக்கு நேர் சோதனை

1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு முறைகளையும் நேரடியாக ஒப்பிட்டார்கள். நடுத்தர வயது ஆண்களில் ஒரு குழுவினர் தினமும் 30 நிமிடம் தொடர்ந்து மெதுவோட்டம் ஓடினார்கள். மற்றவர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை ஓடினார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவினருக்கும் உடல் திறன் கூடியிருந்தது. தொடர்ந்து ஓடியவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே கூடியிருந்தது.

பிறகு இதுபோன்ற சோதனைகள் பல நடந்தன. 2019-இல் 19 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்த நேரம் சமமாக இருந்தால், உடல் திறனிலும் இரத்த அழுத்தத்திலும் இரண்டு முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்று 2010-இல் சொன்னது. 2020-இல் அந்தப் பத்து நிமிட நிபந்தனையை நீக்கிவிட்டு, எல்லா அசைவும் கணக்கில் சேரும் என்றது. வேலையிடத்து உழைப்பும் இதில் அடக்கம்.

சாப்பிட்ட பின் பத்து நிமிடம்

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தவணை முறை சமமானது மட்டுமல்ல, ஒரு வகையில் மேலானதும்கூட. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர் பங்கு கொண்டார்கள். நாளில் ஏதாவது ஒரு நேரம் 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்திய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம் குறைவாக இருந்தது.

காரணம் எளிமையானது. சாப்பிட்ட பிறகுதான் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்த நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால், இன்சுலினை அதிகம் நம்பியிராமலே அவை சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இரவில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்காருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிகழ்ச்சி நடத்தும் நானே சொல்கிறேன், விளம்பர இடைவேளையில் எழுந்து நடங்கள்!

அப்படியானால் நீண்ட பயிற்சி வேண்டாமா?

வேண்டும். தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்கு நடந்து, 272 படிகளையும் ஏற நினைப்பவருக்குப் பத்து நிமிட நடை மட்டும் போதாது. நீண்ட தூரத்துக்கு உடலைப் பழக்க நீண்ட நடையே வழி.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிரிட்டனில் தினமும் 8,000 அடிகளுக்கு மேல் நடக்காத 33,000-க்கும் அதிகமானோரைப் பற்றிய ஆய்வு 2025-இல் வெளிவந்தது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே நடந்தவர்களைவிட, 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து நடந்தவர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. மறுபக்கம், பயிற்சி எதுவும் செய்யாதவர்கள் அன்றாட வேலைக்கிடையே ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கும்படி மூன்று தடவை இயங்கினால்கூட மரண அபாயம் குறைவாக இருப்பதை 2022-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இவை இரண்டும் காரணத்தை நிரூபித்தவை அல்ல, தொடர்பைக் காட்டியவை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. துண்டு சிறிதானால் வேகம் கூட வேண்டும். வேகம் குறைவானால் நேரம் நீள வேண்டும். அடுப்படிக்கும் வாசலுக்கும் மெல்ல நடந்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்ல முடியாது.

மலையில் ஒரு நாள் கணக்கு

காலையில் பசியாறிய பின் 10 நிமிடம், பகல் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம். ஐந்து நாளில் 150 நிமிடம் வந்துவிடும். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மழை பெய்தால் ஐந்தடியில் நடக்கலாம், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடக்கலாம். மேடு இருந்தால் நல்லது, ஒரு நிமிட ஏற்றம் சமதரையில் நடப்பதைவிட அதிக வேலை வாங்கும். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சிகளும் வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் விடுமுறை நாளில் குடும்பத்தோடு அரை மணிக்கு மேல் நடந்து வாருங்கள்.

இன்சுலின் ஊசி அல்லது மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சியால் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்க மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மிட்டாய் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலில் நடக்க வேண்டாம். ஈரச் சப்பாத்தைக் கழற்றியதும் பாதத்தில் புண் உண்டா என்று பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இறக்கத்தில் வேகம் எடுக்க வேண்டாம். நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள்.

வீடு, மோட்டார், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் தவணையில் வாங்கிப் பழகியவர்கள் நாம். ஆரோக்கியத்துக்கும் தவணை உண்டு. இன்றைய இரவுச் சாப்பாட்டுக்குப் பின் முதல் தவணையைக் கட்டுங்கள்.