ஜெனரேட்டர் வாங்கினால் போதுமா?

ஆனைமலைப் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதைப் பொள்ளாச்சி வட்டாரத்து மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையில் சர்க்கார்பதி, ஆழியாறு மின் நிலையங்களில் விழும் நீர் மின்சாரமாக மாறுகிறது. ஆனால் கீழே தோப்பில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், தெருவே இருண்டு விடும். எனவே வசதியுள்ளவர்கள் வீட்டுக்குச் சிறிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதை வீட்டு வயரிங்கோடு இணைப்பது யார்? எப்படி? இதில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது.

மின்மாற்றி இருபக்கமும் வேலை செய்யும்

பாடத்தில் மின்மாற்றியைப் படித்திருப்பீர்கள். தெரு முனையில் நிற்கும் மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து நம் வீடுகளுக்கு அனுப்புகிறது. அதன் தாழ்வழுத்தப் பக்கம், இரண்டு பேஸ்களுக்கு இடையே 433 வோல்ட். ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இதை 1.732 ஆல் வகுக்க வேண்டும். 250 வோல்ட் கிடைக்கும். அப்படியானால் சுருள்களின் விகிதம் என்ன? 11,000 ÷ 250 = 44.

இப்போது ஒரு கேள்வி. மின்சாரம் நின்ற நேரத்தில், உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மெயின் சுவிட்ச் வழியாகத் தெருக் கம்பிக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? மின்மாற்றிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதம் கிடையாது. 230 × 44 = 10,120. அதாவது மேல் கம்பியில் பத்தாயிரம் வோல்ட் தோன்றக்கூடும்! அங்கே மட்டையை அகற்றிக் கம்பியைச் சரிசெய்யக் கம்பத்தில் ஏறியிருப்பவர் மின்வாரிய ஊழியர்.

‘சிறிய ஜெனரேட்டர் தெருவின் சுமையைத் தாங்குமா? நின்றுவிடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல சமயம் நின்றுதான் போகும். ஆனால் கம்பி அறுந்து, உங்கள் வீடும் பக்கத்து வீடும் மட்டும் தனித்து நிற்கின்றன என்று வையுங்கள். அப்போது சுமை குறைவு, ஜெனரேட்டர் நிற்காது. உயிரைப் பறிக்க 230 வோல்ட்டே போதும். கம்பத்தில் ஏறுமுன் கம்பியைப் புவியோடு இணைக்க வேண்டும் என்பது ஊழியர்களுக்குள்ள விதி. அந்த விதி அவர்களைக் காக்கிறது. அதை நம்பி நாம் தவறு செய்யலாமா?

நெம்புகோல் செய்யும் காவல்

இதற்குத்தான் ‘சேஞ்ச் ஓவர் சுவிட்ச்’ இருக்கிறது. கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் வீடு மின்வாரியக் கம்பியோடு சேரும். மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டரோடு சேரும். நடுவில் எதோடும் சேராது. இரண்டோடும் ஒரே நேரத்தில் சேர வழியே இல்லாதபடி அதன் பொறியமைப்பு இருக்கிறது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் அது மாற்ற வேண்டும்.

சிலர் இரு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகி, ‘மெயினை அணைத்துவிட்டால் ஆயிற்று’ என்கிறார்கள். ஒரு நாள் அணைக்க மறந்தால்? தவிர, ஒரு முனையைச் செருகியதும் மறு முனையின் பித்தளைக் கால்களில் மின்சாரம் வெளிப்படையாக நிற்கும். மின்வாரிய மின்சாரம் திடீரென்று திரும்பினாலோ, ஒத்துப்போகாத இரண்டு மாறுமின்னோட்டங்கள் மோதி ஜெனரேட்டரே பாழாகும்.

யாரை அழைப்பது?

‘நம்ம ஊர்ப் பையன், பல்பு மாட்டுவான்’ என்பது தகுதி ஆகாது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் என்ற அரசு அமைப்பு, வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றும் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமமும் தருகிறது. அந்தச் சான்றைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேலை தெரிந்தவர் வருத்தப்பட மாட்டார். அவரிடம் உங்கள் வீட்டார் கேட்க வேண்டியவை இவை:

1. எந்த அளவு ஜெனரேட்டர்? ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். விளக்கு, விசிறிக்குப் போதுமான ஜெனரேட்டர், கிணற்று மோட்டாரைப் போட்டதும் திணறுவது இதனால்தான்.

2. இணைப்புகள் இறுக்கமா? தளர்ந்த இணைப்பில் ஒரு ஓம் தடை இருந்து, 15 ஆம்பியர் ஓடினால், 15 × 15 × 1 = 225 வாட் வெப்பம் அந்தச் சிறு புள்ளியிலேயே பிறக்கும். சுவிட்ச் கருகுவதன் இரகசியம் இதுவே.

3. மின்காப்பைச் சோதித்தாரா? ‘மெகர்’ என்ற கருவியால் வயரின் காப்புத்தடையை அளக்கலாம். அது மெகாஓம் கணக்கில், அதாவது பத்து லட்சக்கணக்கான ஓம்களில் இருக்க வேண்டும்.

4. எர்த் இருக்கிறதா? ஜெனரேட்டரின் இரும்பு உடலுக்கும் எர்த் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியையும் பொருத்தச் சொல்லுங்கள். சிறு ஜெனரேட்டர்கள் சிலவற்றில் நியூட்ரல் புவியோடு சேர்ந்திருக்காது; அப்போது இக்கருவி வேலை செய்யாமல் போகலாம். அதைச் சரிபார்ப்பதும் அவர் பொறுப்பே.

5. எங்கே வைப்பது? மழை படாத, ஆனால் திறந்த வெளியில். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிடச் சுமார் இருநூறு மடங்கு பலமாக ஒட்டிக்கொள்ளும். அறைக்குள்ளோ, சன்னலோரத்திலோ ஜெனரேட்டரை ஓட்டினால் தூங்குகிறவர்கள் விழிக்காமலே போகலாம்.

கூலி இருநூறு, முந்நூறு ரூபாய் குறைகிறது என்று தகுதியில்லாதவரைத் தேடுவது சிக்கனம் ஆகாது.

மாணவர்களே, இந்த வேலைகளில் எதையும் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். செய்யக்கூடியது வேறொன்று உண்டு. உங்கள் தெருவில் ஜெனரேட்டர் ஓடும் வீடுகளில், ‘சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா?’ என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இல்லை என்றால், மேலே உள்ள 44 மடங்குக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.